எட்டு காட்டேஜும் ஃபுல்

ரம்யாஸ்ரீயின் முதல் வாடிக்கையாளர் பேரமே பேசவில்லை. அவளுக்கு முதல் சந்தேகம் அங்கேதான் தட்டியது.

அழகர்கோவில் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் ஏழு வருஷம் ரிசப்ஷனிலும் புக்கிங் பிரிவிலும் வேலை பார்த்தவள் அவள். எந்த மாதம் எந்த ஊர்க்காரர்கள் வருவார்கள், எந்த அறைக்கு என்ன குறை சொல்வார்கள், கத்துகிறவரை எப்படி உட்கார வைப்பது, எல்லாம் அத்துப்படி. அதை வைத்துச் சின்ன விடுதிகளுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தனியாகத் தொடங்கலாம் என்று செப்டம்பரில் வேலையை விட்டாள். விசிட்டிங் கார்டு அடித்தாள். டவுன்ஹால் ரோட்டில் லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கினாள். "ஆலோசனையா? எங்களுக்கு ரூம் கூட்டத்தான்மா ஆளு வேணும்" என்றார் ஒருவர். "டாக்ஸ் ஆபீஸ்ல இருந்து வேவு பார்க்க வந்திருக்கியா?" என்று இன்னொருவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அப்பா துளசிராம் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவர்கள் பேசும் சௌராஷ்டிரத்தில் தினமும் காபி நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார். கண்ணால் பார்த்தால் தெரிகிற விஷயத்தைச் சொல்ல யாராவது ஆள் வைப்பார்களா?

நவம்பர் முதல் வாரம் சிவபாண்டி போன் செய்தார். பரவையில் இருந்து அலங்காநல்லூர் போகிற வழியில் 'தென்றல் தோப்பு' என்ற ஃபார்ம் ஸ்டே அவருடையது. தென்னந்தோப்புக்குள் எட்டு காட்டேஜ். பொங்கல் சமயத்தில் ஜல்லிக்கட்டு பார்க்க வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம்.

"மூணு மாசமா ஈ ஓட்டுறோம் மேடம். என்ன குறைன்னு பார்த்து ஒரு ரிப்போர்ட் குடுங்க. உங்க ஃபீஸ் எம்புட்டு?"

அவள் கொஞ்சம் கூட்டியே சொன்னாள், குறைப்பார் என்று. "சரி" என்றார். பாதியை அன்றைக்கே அனுப்பினார். என் நம்பரை யார் கொடுத்தது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கேள்விப்பட்டதுதான்" என்று மழுப்பினார். இதற்கு முன் ஒரு ரிப்போர்ட்கூட எழுதாதவளைப் பற்றி அவர் யாரிடம் என்ன கேள்விப்பட்டிருக்க முடியும்?

அன்று சாயங்காலம், பழைய வேலையின் பழக்கத்தில், புக்கிங் தளத்தில் தென்றல் தோப்பைத் தேடினாள். நவம்பரில் எந்தத் தேதியைப் போட்டாலும் அறை இல்லை என்று வந்தது. டிசம்பரிலும் இல்லை. ஜனவரியிலும் இல்லை. எட்டு காட்டேஜும் ஃபுல். ஈ ஓட்டுகிறவர் எதற்கு எல்லா அறையும் நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கிறார்?

மறுநாள் சிவபாண்டியே காரில் வந்து அழைத்துப் போனார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைச் சட்டை, கசங்காத வேட்டி, எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு. வழியிலேயே ஒப்பந்தக் கடிதத்தை நீட்டினார். அதில் அவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கையெழுத்து: செல்லத்தாய்.

"என் தங்கச்சி. இடத்துல சரிபாதி அவளுக்கு. ரிப்போர்ட் என்ன சொல்லுதோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படுறோம்னு எழுதியிருக்கு, பாருங்க."

"அவங்ககிட்டயும் ஒரு தடவை பேசிடட்டுமா சார்?"

"அவளுக்கு என்ன தெரியும் மேடம்? மாட்டைப் பார்க்கவே அவளுக்கு நேரம் பத்தாது. அப்புறம் ஒண்ணு, ரிப்போர்ட் இங்கிலீஷ்லயே இருக்கட்டும். அப்பத்தான் வெயிட்டா இருக்கும்."

தோப்பைப் பார்த்ததும் ரம்யாஸ்ரீக்குப் பிடித்துப்போனது. பெரியாறு கால்வாய் பக்கத்தில் ஓடியது. மழை பெய்து ஓய்ந்திருந்ததால் வரப்பெல்லாம் பச்சை. காட்டேஜ்களில் சுவர் கொஞ்சம் பாசி பிடித்திருந்தது. கொசுவலைகள் கிழிந்திருந்தன. இரண்டு ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஒரு வாரத்தில் சரி செய்துவிடக்கூடிய குறைகள்.

புக்கிங் தளத்தைப் பற்றிக் கேட்டாள். சிவபாண்டியின் சிரிப்பு ஒரு கணம் நின்று மறுபடி வந்தது.

"அது ஏதாவது கம்ப்யூட்டர் கோளாறா இருக்கும். இல்லைன்னா..." குரலைத் தாழ்த்தினார். "இங்க மருதுன்னு ஒருத்தன் இருக்கான். எங்கப்பா காலத்துல இருந்து தோப்பைப் பார்த்துக்கிறவன். அவன் மேல ஒரு கண்ணு வைங்க. நமக்குத் தெரியாம நேரா வர்ற ஆளுகளுக்கு ரூமைத் திறந்து விடுறானோன்னு எனக்கு ஒரு டவுட்டு. நீங்க ரிப்போர்ட்ல எழுதினா நல்லது."

மருதுவைப் பார்த்தால் சந்தேகப்படத்தான் தோன்றியது. ஒல்லியான, தலை நரைத்த ஆள். அவள் டேப்பை எடுத்து அறைகளின் நீள அகலத்தை அளந்தபோது தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் திரும்பினால் தென்னை மட்டையை இழுப்பதுபோல் குனிந்தார். ஏழாம் நம்பர் காட்டேஜுக்குச் சாவி கேட்டதற்கு, "அது தொலைஞ்சு போச்சு" என்றார். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஏழாம் நம்பரின் பின்பக்கம் போனாள். கொடியில் ஒரு துண்டு காய்ந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம். வெள்ளைத் துண்டு, ஓரத்தில் தென்றல் தோப்பின் பெயர் தைத்தது. குளியலறைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் சோப்பு நுரை இன்னும் அடங்கியிருக்கவில்லை.

அப்படியானால் சிவபாண்டி சொன்னது உண்மைதானா? ரம்யாஸ்ரீ அவரிடம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. நாளை மறுநாள் பதினோரு மணிக்கு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ஆனால் மறுநாள் காலையிலேயே தன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பரவை மார்க்கெட்டில் காய்கறி லாரிகளுக்கு இடையில் புகுந்து, தோப்பு கேட்டை அடைந்தபோது மணி ஏழு. வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தாள். சமையல்கட்டில் புகை. ஏழாம் நம்பர் வாசலில், கழுத்தில் பைனாகுலர் தொங்க, ஒரு வெள்ளைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் சட்னிக் கிண்ணத்துடன் நின்ற மருது, அவளைப் பார்த்ததும் அப்படியே உறைந்துபோனார்.

"சாவி கிடைச்சிருச்சு போல" என்றாள்.

மருதுவின் முகத்தில் பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம்.

"ஆமா, கிடைச்சிருச்சு. போய் உங்க முதலாளிட்டச் சொல்லுங்க. பிளாட் போடுறவுக ஆளுதான நீங்க?"

"பிளாட்டா? என்ன பிளாட்?"

"நடிக்காதீகம்மா. போன மாசம் நாலு பேரு வந்து தோப்பைச் சுத்தி அளந்துட்டுப் போனாக. வேலி போடன்னு சிவபாண்டி அண்ணே அவுக தங்கச்சிட்டச் சொன்னாரு. வேலி போட வந்தவன் எதுக்கு ரோடு இங்குட்டு, பார்க் அங்குட்டுன்னு பேசுறான்? இப்ப நீங்க ரூமை அளக்குறீக. எம்புட்டு ஏமாளின்னு எங்களை நினைச்சீக?"

ரம்யாஸ்ரீ தன் கார்டை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவர் அவளை நம்பவில்லை. அவளும் அவரை இன்னும் முழுசாக நம்பவில்லை. ரோடு, பார்க் என்று அவர் சொன்னது மட்டும் உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. அவரைத் தாண்டிப் போய் அந்த வெள்ளைக்காரரிடம் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தாள்.

அவர் பெயர் பீட்டர். ஹாலந்துக்காரர். மழைக்காலத்தில் கண்மாய்களுக்கு வருகிற பறவைகளைப் பார்க்க மூன்று வருஷமாக இதே காட்டேஜுக்குத்தான் வருகிறார். இந்த வருஷம் தளத்தில் அறை இல்லை என்று காட்டியதாம். விடுதிக்கு மெயில் போட்டிருக்கிறார்.

"பதில் வந்ததா?"

"வந்தது. படித்ததும் மனசு கஷ்டமாகப் போய்விட்டது. மருதுவிடம் விடைபெற்றுக்கொண்டாவது போகலாம் என்றுதான் வந்தேன். வந்தால் இவர் அறையைத் திறந்துவிட்டார்."

போனில் மெயிலைத் தேடி எடுத்துக் காட்டினார். தென்றல் தோப்பின் மெயில் முகவரிதான். இரண்டே வரி. விடுதி நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது, தங்கள் ஆதரவுக்கு நன்றி. கீழே சிவபாண்டியின் பெயர். தேதி ஆகஸ்ட் இருபத்திரண்டு.

அவள் இரண்டு தடவை படித்தாள். ஆகஸ்டில் நிரந்தரமாக மூடியவர், நவம்பரில் என்ன குறை என்று கண்டுபிடிக்க ஆள் தேடியிருக்கிறார்.

"அண்ணே" என்று மருதுவைக் கூப்பிட்டாள். "இவரு இங்க இருக்கிறது வேற யாருக்குத் தெரியும்?"

மருது யோசித்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் முகத்தில் ஓடியது. "செல்லத்தாயி அக்காட்ட சொல்லிட்டுத்தான் தங்க வச்சேன். கொடுத்த வாடகையையும் அவுகட்டதான் கொடுத்தேன். அவுகதான் அண்ணனுக்குத் தெரிய வேணாம்னாக. வேலி விஷயத்துல இருந்தே அவரு மேல அவுகளுக்கு நம்பிக்கை இல்ல."

"தளத்துல எட்டு ரூமையும் ஃபுல்லுன்னு போட்டு வச்சிருக்கிறது அவங்களுக்குத் தெரியுமா?"

"ஃபுல்லா?" மருது காலியாய்க் கிடந்த மற்ற ஏழு காட்டேஜையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "யாரு போட்டது?"

புக்கிங் தளத்துக்குள் போகும் பாஸ்வேர்டு மருதுவிடம் இல்லை. அவரிடம் இருந்தது பட்டன் போன். ரம்யாஸ்ரீ சிவபாண்டிக்கு போன் செய்து, ரிப்போர்ட்டுக்குப் பழைய விருந்தாளிகளின் விமர்சனங்களைப் பார்க்க வேண்டும் என்று பாஸ்வேர்டு கேட்டாள். அவர் அதற்கும் யோசித்ததாகத் தெரியவில்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்திருக்கலாம். பத்து நிமிஷத்தில் அனுப்பினார்.

உள்ளே எல்லாம் பதிவாகி இருந்தது. ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி மத்தியானம், ஒரே மூச்சில், எட்டு அறையும் அடுத்த வருஷம் மார்ச் வரைக்கும் அடைக்கப்பட்டிருந்தது. சிவபாண்டியின் போனில் இருந்து செய்தது என்பதும் இருந்தது. அதற்குப் பிறகு வந்த விசாரிப்புகள் முப்பத்தாறு. பொங்கலுக்கு மட்டும் பதினான்கு. ஒன்றுக்கும் பதில் போகவில்லை. ஏழு வருஷம் ஒரு அறை காலியாக இருந்தாலே பதறிப் பழகியவள், அந்தப் பட்டியலைக் கடைசி வரை எண்ணிப் பார்த்தாள். எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து சிவபாண்டி வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பு அனுப்பினார். 'உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு ஒரு மாடல் தயார் பண்ணியிருக்கேன் மேடம். உங்க லெட்டர்பேடுல அடிச்சுக் கையெழுத்து மட்டும் போடுங்க' என்று எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் நாலு பக்கம். இந்த இடத்தில் விடுதி நடத்துவது சாத்தியமில்லை, தங்க ஆட்கள் வருவதில்லை, பணியாளர் நம்பகமானவர் அல்ல, நிலத்தை வேறு வகையில் பயன்படுத்துவதே உரிமையாளர்கள் இருவருக்கும் நன்மை. தோப்பைப் பிளாட் போட விற்பதற்குத் தங்கையைச் சம்மதிக்க வைக்க அவருக்கு இந்தக் காகிதம் வேண்டும். எதற்காகத் தன்னைத் தேடி வந்தார் என்றும் அவளுக்கு இப்போது விளங்கியது. அனுபவமுள்ள ஆள் கேள்வி கேட்பான். புதுசாகத் தொழிலுக்கு வந்தவள், முதல் வேலை கையை விட்டுப் போகக்கூடாதே என்று சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

அப்பாவிடம் சொன்னாள். துளசிராம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அவர்கள் அண்ணன் தங்கை. நாளைக்குச் சேர்ந்துகொள்வார்கள். நீ யார் நடுவில்? போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடு. உன்னைக் கூப்பிட்டவனுக்கு எதிராகவே எழுதினாய் என்று தெரிந்தால் இந்த ஊரில் எவன் உன்னைக் கூப்பிடுவான்?"

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு நாள் அந்த நாலு பக்கத்தையும் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். கையெழுத்துப் போட்டால் மருதுவின் வேலை போகும். அவர் கார்டை வாங்க மறுத்து நின்ற நிற்பு கண்ணுக்கு முன்னால் வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் தன் ரிப்போர்ட்டைத் தானே எழுத உட்கார்ந்தாள். முதலில் ஆங்கிலத்தில் எழுதினாள். பிறகு அதையே வரிக்கு வரி தமிழில் எழுதினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அலங்காநல்லூரில் செல்லத்தாய் வீட்டில் ரிப்போர்ட்டைப் படிப்பதாக ஏற்பாடு. செல்லத்தாய்க்கு நாற்பத்தெட்டு வயது. கணவர் இறந்து ஆறு வருஷம். மாட்டுத்தொழுவத்தில் இருந்து அப்போதுதான் கையைக் கழுவிக்கொண்டு வந்தவர், ரம்யாஸ்ரீயை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்தப் புள்ளையா? எங்கண்ணன் சம்பளம் குடுத்துக் கூட்டியாந்த ஆளு. நீ அவருக்குத் தோதாத்தான பேசுவே?"

"மேடம் இங்கிலீஷ்ல எழுதியிருக்காங்க, நான் படிச்சு அர்த்தம் சொல்றேன்" என்று சிவபாண்டி கையை நீட்டினார்.

ரம்யாஸ்ரீ ஆங்கிலப் பிரதியை அவரிடம் கொடுத்தாள். தமிழ்ப் பிரதியைச் செல்லத்தாயிடம் கொடுத்தாள். "உங்களுக்கு இது அக்கா. நீங்களே படிங்க."

சிவபாண்டி முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள் முகம் கறுத்துவிட்டது. செல்லத்தாய் நிதானமாக, விரலை வரிக்கு அடியில் வைத்து, உதடு அசையப் படித்தார். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஆகஸ்டுலேயே மூடியாச்சுன்னு நீ கடுதாசி போட்டியாண்ணே?"

"அது... கம்ப்யூட்டர் கோளாறு. இந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது, புதுசு."

"முப்பத்தாறு பேரு கேட்டிருக்காகளே. ஒருத்தருக்குக்கூட நீ பதில் சொல்லலையாமே?" செல்லத்தாய் இப்போது ரம்யாஸ்ரீயின் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை. "நீயும் எங்கண்ணனும் சேர்ந்து நாடகம் ஏதும் போடலையே? இதைச் சொல்றதுல உனக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்லைக்கா. நஷ்டம் வேணா வரும்" என்றாள் ரம்யாஸ்ரீ. "நம்ப வேணாம். இந்தாங்க, என் போன்லயே அந்தப் பக்கம் திறந்திருக்கு. தேதி, நேரம் எல்லாம் அதுலயே இருக்கு. வேற யார்கிட்ட வேணும்னாலும் காட்டிக் கேளுங்க."

சிவபாண்டி காகிதங்களைத் தரையில் வீசினார். "நான் கூட்டியாந்த ஆளு நீ! என் சோத்தைத் தின்னுட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒப்படைச்ச வேலை சார் இது. ரெண்டு பேருக்கும் ஒரே ரிப்போர்ட்தான் தரமுடியும்."

அந்தக் கையெழுத்தைத் தங்கையிடம் வற்புறுத்தி வாங்கியவரே சிவபாண்டிதான். யாரும் எதிர்பாராத விதமாக, பொத்தென்று பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பத்து வருஷமா ஒத்தையில அலையுறேன் செல்லம். பைப்பு உடைஞ்சா நான், கரண்டு போனா நான். மூணு வருஷமா வித்துருவோம்னு உன்கிட்ட கெஞ்சுனேன். ஒரு நாளாவது காது குடுத்துக் கேட்டியா?"

செல்லத்தாய் காகிதத்தை மடித்தார். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "முடியலைன்னு சொல்லியிருக்கலாமுல்ல. கஷ்டம்னு சொல்லியிருந்தா பாதியாவது யோசிச்சிருப்பேன். மருது திருடன்னு எழுதச் சொன்னியாமே, அதை எப்படிண்ணே தாங்க?"

அன்றைக்கு அங்கே எதுவும் முடிவாகவில்லை. சிவபாண்டி காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரம்யாஸ்ரீக்குக் காபி கொடுக்க வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

நாலு நாள் கழித்து செல்லத்தாய் போன் செய்தார். புக்கிங்கைத் தன் பெயருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் சம்மதித்துவிட்டாராம். ரம்யாஸ்ரீ தோப்புக்குப் போய், மருது பக்கத்தில் நின்று பார்க்க, அடைத்திருந்த தேதிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். பதில் போகாத விசாரிப்புகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். பெரும்பாலானவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டிருந்தார்கள். முதல் வாரம் ஒரே ஒரு புக்கிங் வந்தது, அதுவும் ரத்தானது. பிறகு புனேயில் இருந்து ஒரு குடும்பம். பொங்கல் வருவதற்குள் ஐந்து காட்டேஜ் நிரம்பியது. மூன்று காலியாகவே இருந்தன. செல்லத்தாய் வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்து, தளத்துக்காரன் நம்மை ஏமாற்றுகிறானா, மருது சரியாகச் சமைக்கிறானா, நீ சொன்ன கொசுவலைக் கடைக்காரன் உனக்குச் சொந்தமா என்று விசாரித்தார். ஏமாந்தவர் அப்படித்தான் கேட்பார் என்று ரம்யாஸ்ரீ எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள்.

அப்பா சொன்னதும் நடந்தது. சிவபாண்டி தெரிந்த இடத்தில் எல்லாம் அவளைப் பற்றிச் சொல்லிவிட்டிருந்தார். நேரில் வந்து பேசலாம் என்றிருந்த இரண்டு ஓட்டல்காரர்கள் போனை எடுக்கவில்லை. டிசம்பரும் ஜனவரியும் வேறு வேலை இல்லாமல் போயின. பழைய ஓட்டலில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிடலாமா என்றுகூட ஒரு நாள் போனைக் கையில் எடுத்தாள். எண்ணை அழுத்தாமல் கீழே வைத்தாள்.

பிப்ரவரியில் திருப்பரங்குன்றத்தில் இருந்து உக்கிரபாண்டி என்பவர் கூப்பிட்டார். கோயிலுக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறாராம்.

"கூப்பிட்டவன் காலையே வாரி விடுற பொண்ணுன்னு உங்களைப் பத்திச் சொன்னாக. நெசந்தானா?"

ரம்யாஸ்ரீ மூச்சை இழுத்துவிட்டாள். "என்ன நடந்துச்சோ அதைத்தான் எழுதுனேன் சார்."

"எங்க லாட்ஜுக்கு மூணு பங்காளிம்மா. முகூர்த்த சீசன்லயே ரூம் காலியாக் கிடக்கு. எதனாலன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றோம். ஒருத்தனை ஒருத்தன் நம்பலை. மூணு பேருக்கும் பொதுவா ஒரு ஆளு வேணும். திங்கக்கிழமை வர முடியுமா?"

வருவதாகச் சொன்னாள். அன்று சாயங்காலத்துக்குள் மற்ற இரண்டு பங்காளிகளும் தனித்தனியாக போன் செய்தார்கள். மற்ற இருவர் சொல்வதையும் நம்ப வேண்டாம் என்று ஒவ்வொருவரும் குரலைத் தாழ்த்தி எச்சரித்தார்கள். இரண்டாமவரிடம், நீங்கள் போன் செய்த விஷயத்தை மற்ற இருவரிடமும் சொல்லுவேன் என்றாள். அவர் திடுக்கிட்டுப் போனை வைத்துவிட்டார். அதையே மூன்றாமவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். திங்கட்கிழமை காலை பெரியார் பஸ் ஸ்டாண்டில் திருப்பரங்குன்றம் பஸ் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, மூன்று பேரிடமும் முதலில் என்ன கேட்பது என்று எழுதத் தொடங்கினாள்.